ஒன்பது கட்டம் தெரிந்தால் நட்சத்திரம் வருமா?

கேள்வி, ஜனவரி 5, 2024

கிளிநொச்சியில் தையல் வகுப்புக்குப் போகிறேன். வெட்டுத்துண்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்பது கட்டமாகச் சேர்த்து ஒரு போர்வை தைத்து முடித்தேன். அடுத்து எட்டு முனை நட்சத்திரம் தைக்க ஆசை. அது தனி வித்தை, கட்டம் தைக்கிற கைக்கு வராது என்கிறா பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா?

ஜனவரி 5, இரவு 9.10

அக்கா சொல்வது பிழை. சதுர றூள் கொப்பி ஒன்றை எடுங்கள். மூன்றுக்கு மூன்று, ஒன்பது பெட்டி கீறுங்கள். நாலு மூலைப் பெட்டியும் நடுப்பெட்டியும் அப்படியே இருக்கட்டும். மிச்சம் இருக்கும் நாலு பெட்டியிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுங்கள். நடுப்பெட்டியைக் கறுப்பாக்குங்கள். கோடு போட்ட ஒவ்வொரு பெட்டியிலும் நடுவோடு ஒட்டி நிற்கும் பாதியையும் கறுப்பாக்குங்கள். ஓலைக் காற்றாடி மாதிரி நாலு முனையோடு ஒன்று எழும்பி வரும். வெளிநாட்டில் அதற்குப் பெயர் பிரெண்ட்ஷிப் ஸ்டார். உங்கள் போர்வையில் இருந்த அதே ஒன்பது பெட்டிதான். துண்டுக் கணக்கு மட்டும் 9இலிருந்து 13 ஆகிறது.

எல்லா நட்சத்திரமும் ஒன்பது கட்டத்தின் பிள்ளைகள்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 5, இரவு 9.40

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நாலு கோடும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் முந்தியதில் இருந்து கால் திருப்பம். நான் முதன்முதல் தைத்ததில் மூன்று முனை வலப்பக்கம் ஓட, ஒன்று மட்டும் கோபித்துக்கொண்டு இடப்பக்கம் பார்த்து நின்றது. தைத்து, அயன் பண்ணி, சுவரில் கொழுவிய பிறகுதான் கண்ணில் பட்டது. அந்தத் துண்டு இப்போது எங்கள் வீட்டில் மேசை துடைக்கிறது.

ஜனவரி 6

அளவு கேட்டிருக்கிறீர்கள். 9 அங்குலக் கட்டம் என்றால் ஒரு பெட்டி 3 அங்குலம். சுற்றிவரத் தையலுக்குக் கால் அங்குலம் விடவேண்டும். ஆகவே சதுரங்களை 3½இல் வெட்டுங்கள். இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

முக்கோணத்தில்தான் எல்லோரும் விழுகிறார்கள். 3½ அங்குலச் சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் முக்கோணம் சிறுத்துப்போகும். 3⅞இல் வெட்ட வேண்டும். அந்த எட்டில் ஏழு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு வருடக்கணக்காகத் தெரியாது. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் பைதகரஸ் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்து கேட்டுத்தான் விளங்கியது. நேர்ப்பக்கத்துக்குக் கால் அங்குலம் விடுகிறோம், சாய்ந்த பக்கத்துக்கும் கால் அங்குலம் விடுகிறோம். சாய்ந்த பக்கத்துக் கால் அங்குலம் கூர்மூலையில் நீண்டு 0.35 ஆகிறது. மற்ற மூலைக்கு 0.25. அதோடு கூர்மூலைக்கு நேர்ப்பக்கத்தால் இன்னொரு 0.25. மொத்தம் 0.85. அடிமட்டத்தில் அதற்குக் கிட்ட இருக்கும் கோடு ⅞.

அப்புறம், முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைக்காதீர்கள். இரண்டு நிறச் சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, மூலைக்கு மூலை பென்சிலால் கோடு கீறி, கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, பிறகு கோட்டில் வெட்டுங்கள். விரித்தால் இரண்டு நிறச் சதுரம் இரண்டு கிடைக்கும். சதுரத்தை 4 அங்குலமாக வெட்டித் தைத்துவிட்டுக் கடைசியில் 3½க்குச் செதுக்கினால் இன்னும் நல்லது. துணி கொஞ்சம் வீண்போகும். நிம்மதிக்கு அது கூலி.

ஜனவரி 6, பிறகு

கால் அங்குலத்தைக் கண்மட்டில் தைக்க வேண்டாம். ஊசி குத்தும் இடத்தில் இருந்து கால் அங்குலம் அளந்து, மெசின் தட்டில் ஒட்டுநாடாவை மூன்று நாலு மடங்கு தடிப்பாக ஒட்டுங்கள். துணி அதில் முட்டிக்கொண்டு போகட்டும். தையல் பதினாறில் ஒரு பங்கு உள்ளே போனால் ஒவ்வொரு தையலிலும் எட்டில் ஒன்று காணாமல் போகும். ஒன்பது கட்டத்துக்கு ஒரு வரிசையில் இரண்டு தையல். கட்டம் கால் அங்குலம் சிறுத்துவிடும், முனையெல்லாம் மூக்கறுந்து நிற்கும். வெறும் சதுரத்தில் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும், நட்சத்திரத்தில் ஒளியாது. அக்கா சொன்னதில் உண்மை இருக்குமென்றால் இந்த அளவில்தான்.

ஜனவரி 9

சரி, எட்டு முனை. அதே ஒன்பது பெட்டி. அதே நாலு பெட்டி. இந்த முறை ஒரு கோடு போதாது, பெருக்கல் அடையாளம் போடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நாலு முக்கோணம். எதிரெதிராக இரண்டு நட்சத்திர நிறம், மற்ற இரண்டும் பின்புல நிறம். ஒரு பெட்டிக்கு இரண்டு முனையாக எட்டு. இது ஒகாயோ ஸ்டார். ஐந்து சதுரமும் பதினாறு முக்கோணமும், 21 துண்டு.

3 அங்குலப் பெட்டிக்கு இந்த முக்கோணங்களை 4¼ அங்குலச் சதுரத்தை இரண்டு மூலையாலும் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு சதுரத்தில் நாலு. நட்சத்திர நிறத்தில் இரண்டு சதுரம், பின்புலத்தில் இரண்டு சதுரம், கணக்கு முடிந்தது.

நான் அப்படிச் செய்யவில்லை. துணி மிச்சம் பிடிக்கிற புத்தி. கையில் இருந்த சின்னச் சதுரங்களை ஒரு தடவை மட்டும் குறுக்கே வெட்டி, முக்கோணம் முக்கோணம்தானே என்று தைத்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கட்டத்தின் கரை பொரித்த அப்பளம் மாதிரி அலையடித்தது. அயன் பண்ணப் பண்ண அலை கூடியது. காரணம் துணியில் நூல் ஓடும் திசை. சின்னச் சதுரத்தைப் பாதியாக்கினால் முக்கோணத்தின் நீளப்பக்கம் கிராஸில், அதாவது நூலுக்குக் குறுக்குச் சாய்வில், விழுகிறது. கிராஸ் இழுபடும், சட்டைக் கழுத்துக்குப் பட்டி வைத்தவர்களுக்குத் தெரியும். ஒகாயோவில் அந்த நீளப்பக்கம் கட்டத்தின் வெளிக்கரையில் வருகிறது. பெரிய சதுரத்தை நாலாக வெட்டினால் நீளப்பக்கம் நேர்நூலில் இருக்கும், கிராஸ் உள்ளே தையலுக்குள் அடங்கிவிடும். 3⅞க்கும் 4¼க்கும் உள்ள வித்தியாசம் அளவில் மட்டும் இல்லை.

ஜனவரி 10

அயன்பெட்டியை இழுத்துத் தேய்க்காதீர்கள், வைத்து எடுங்கள். நேற்று எழுதியதோடு இது சேரும்.

ஜனவரி 14

நாளைக்குப் பொங்கல். முற்றம் மெழுக வேண்டும். இருந்தாலும் வெள்ளைத்துணி பற்றிக் கேட்டவருக்கு இரண்டு வரி.

வன்னியில் பின்புலத்துக்குத் துணி தேடி அலையத் தேவையில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் பழைய பள்ளிச் சீருடை கிடக்கும். ஆனால் வெள்ளை எல்லாம் ஒரே வெள்ளை இல்லை. நீலம் போட்டு அலம்பிய வெள்ளை ஒன்று, போடாத வெள்ளை ஒன்று. மழைக்காலம் முழுக்கச் சைக்கிளில் செம்மண் ஒழுங்கையால் போய்வந்த வெள்ளை மூன்றாவது சாதி. ஒரே கட்டத்தில் மூன்றையும் கலந்தால் பின்புலம் ஊத்தையாகத் தெரியும். ஒரு சீருடைக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வையுங்கள்.

நிறம் பொருந்துமா என்று பார்க்கத் துண்டுகளை நிலத்தில் பரப்பி, போனில் கறுப்புவெள்ளையில் ஒரு படம் எடுங்கள். படத்தில் நட்சத்திரம் தெரியவில்லை என்றால் தைத்த பிறகும் தெரியாது. சிவப்பும் பச்சையும் நேரில் சண்டை பிடிக்கும், படத்தில் இரண்டும் ஒரே சாம்பல். நான் அப்படி ஒன்பது கட்டம் தைத்து முடித்துவிட்டு, ஆறடி தள்ளி நின்று நட்சத்திரத்தைத் தேடியிருக்கிறேன்.

ஜனவரி 21

ஒகாயோவை விட இலகுவான எட்டு முனை ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். சோடூத் ஸ்டார், வாள்பல் என்று அர்த்தம், மரம் அரிகிற வாளின் பல். இதற்கு மூன்றுக்கு மூன்று அல்ல, நாலுக்கு நாலு பெட்டி. நடுவில் நாலு பெட்டியைச் சேர்த்து ஒரு பெரிய சதுரம். மூலைக்கு ஒவ்வொன்று. நாலு பக்கமும் இரண்டு பெட்டி நீளத்தில், நடுவில் ஒரு பெரிய முக்கோணமும் இரண்டு பக்கமும் சின்ன முக்கோணமும். 17 துண்டுதான்.

அந்த நீளத் துண்டுக்கு ஆங்கிலத்தில் பறக்கும் வாத்து என்று பெயர். எங்களுக்கு அது கொக்கு. பின்நேரம் இரணைமடுக் குளத்தில் இருந்து திரும்பும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் வாய்க்குள் வராது.

12 அங்குலக் கட்டத்துக்கு: நடுச்சதுரம் 6½, மூலைச் சதுரம் 3½ நாலு. கொக்கு நாலையும் ஒன்றாக எடுக்க, பின்புலத்தில் 7¼ அங்குலச் சதுரம் ஒன்று, நட்சத்திர நிறத்தில் 3⅞ சதுரம் நாலு. பெரியதன் எதிர்மூலைகள் இரண்டில் சின்னச் சதுரம் இரண்டை வையுங்கள், நடுவில் அவை கொஞ்சம் ஏறிக்கொள்ளும். மூலைக்கு மூலை கோடு, இரண்டு பக்கமும் தையல், கோட்டில் வெட்டு. கிடைக்கும் இரண்டு துண்டையும் விரித்தால் முயல்காது மாதிரி நிற்கும். ஒவ்வொன்றிலும் அந்தக் காதுகளுக்கு எதிரே, பெரிய முக்கோணத்தில் இருக்கும் மூலையில் மிச்சச் சதுரம் ஒன்றை வைத்து, மூலையில் இருந்து காதுகளுக்கு நடுவை நோக்கி மறுபடி கோடு, இரண்டு பக்கமும் தையல், வெட்டு. நாலு கொக்கு. முதல் தடவை செய்து பார்க்கும்போது நம்பிக்கை வராது. கடைசி வெட்டில் வரும்.

ஜனவரி 22

நடுச்சதுரம் 6 அங்குலத்தில் சும்மா கிடக்கிறதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சும்மா கிடக்க விடாதீர்கள். அதற்குள் 6 அங்குலத்தில் இன்னொரு வாள்பல் வைக்கலாம். பெட்டி 1½ ஆகும். நட்சத்திரத்துக்குள் நட்சத்திரம், புதிதாகப் படிக்க எதுவும் இல்லை.

நான் அதற்குள்ளும் 3 அங்குலத்தில் ஒன்று வைக்கப் போனேன். பெட்டி முக்கால் அங்குலம். கொக்கு ஒவ்வொன்றும் இலையான் அளவு. தையலுக்கு விட்ட துணி படத்தில் தெரியும் துணியை விடக் கூடிவிட்டது. பின்பக்கம் தோசை மாதிரித் தடித்து, ஊசி இரண்டு உடைந்தன. கால் மெசினில் அந்த இடத்தைச் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் கடந்தேன். மூன்றாவது வட்டத்துக்குப் போகாதீர்கள்.

பெப்ரவரி 3

வன்னி வெயிலுக்கு யார் போர்வை போர்த்துவது என்று பகிடி பண்ணியவருக்கு: மார்கழி, தை மாதத்து விடியப்புறத்தில் பரந்தன் வயல்வெளியோரம் வந்து படுத்துப் பாருங்கள். உள்ளே பஞ்சு தேவையில்லை. மேலே ஒட்டுத்துணி, கீழே பழைய வொயில் சேலை, இரண்டையும் சேர்த்து நூலோட்டம், போதும். அலம்பினால் ஒரு வெயிலில் காயும்.

நான் பார்த்த முதல் ஒன்பது கட்டம் முகாமில், 2009இல். அம்மா தைத்தது. நிவாரணத்தில் வந்த துணிகளில் ஒருவருக்கும் அளவாகாததை வெட்டி, கையால் சேர்த்து, தம்பிக்கு விரிப்பு. மெசின் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வீட்டுக் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போயிருந்தோம். அடிமட்டமும் இல்லை. நெருப்புப்பெட்டியை வைத்து அளந்தா. கட்டம் ஒவ்வொன்றும் இரண்டு நெருப்புப்பெட்டி நீளம். தையலுக்கு எவ்வளவு விட்டா என்று பிறகு கேட்டேன். "நகம் ஒண்டு" என்றா. அளந்து பார்த்தேன், அவவின் சின்னவிரல் நகம் கால் அங்குலத்துக்கு மயிரிழை கூட.

திரும்பி வந்து தோண்டியபோது மெசின் தலை இருந்தது. துரு. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து இரண்டு மாதம் கழித்துச் சக்கரம் சுற்றியது. அதில்தான் இன்றைக்கும் தைக்கிறேன்.

பெப்ரவரி 11

ஜனவரி 5இல் எழுதியதைத் திருத்த வேண்டும். எல்லா நட்சத்திரமும் ஒன்பது கட்டத்தின் பிள்ளைகள் என்றேன். இல்லை.

எட்டுச் சாய்சதுரங்கள் நடுவில் ஒரு புள்ளியில் வந்து சேரும் நட்சத்திரம் ஒன்று உண்டு. லெமோயின் ஸ்டார். அமெரிக்காவின் லூயிசியானாவில் பிரெஞ்சுக் குடியேற்றத்தைத் தொடக்கிய லெமோயின் சகோதரர் பெயரால் வந்தது என்கிறார்கள். வாய்மாறி சில இடங்களில் லெமன் ஸ்டார் ஆகிவிட்டது. எலுமிச்சை நட்சத்திரம். தைத்துப் பார்த்தவர்களுக்குப் புளிப்பு விளங்கும்.

இதைச் சதுர றூள் கொப்பியில் கீற முடியாது. நான் மூன்று இரவு முயன்றேன். நாலுக்கு நாலில் வரவில்லை, ஆறுக்கு ஆறில் வரவில்லை. எட்டுச் சாய்சதுரத்துக்கும் பக்கம் சமமாக இருக்க வேண்டும் என்றால், கட்டத்தின் ஓரம் 1, 1.414, 1 என்று பிரியும். அந்த 1.414 எந்தக் கொப்பிப் பெட்டியிலும் முழுசாக விழாது. ஆகவே இது கட்டத்தை வெட்டி வந்தது இல்லை, வட்டத்தை எட்டாகப் பிரித்து வந்தது. கவராயக்காரர் வீட்டுப் பிள்ளை.

அக்காவிடம் மன்னிப்பு. அவ நினைத்தது இந்த நட்சத்திரத்தை என்றால், அவ சொன்னது சரி.

பெப்ரவரி 12

சாய்சதுரம் வெட்டுவது எப்படி என்று கேட்க முதல் நான் வெட்டிய விதத்தைச் சொல்கிறேன், அப்படி வெட்டாதீர்கள். 3 அங்குல அகலத்தில் நீளப்பட்டி. மகளின் 45 பாகை மூலைமட்டத்தால் ஓரத்தில் ஒரு சரிவு வெட்டு. பிறகு பட்டியின் கரையோடு 3 அங்குலம் அளந்து அடுத்த சரிவு வெட்டு. பார்க்கச் சாய்சதுரம் மாதிரித்தான் இருந்தது. மடித்துப் பார்த்தால் பக்கங்கள் பொருந்தவில்லை, சரிந்த பக்கம் நீளம். 3 அங்குலத்தைக் கரையோடு அளக்கக் கூடாது. சரிவு வெட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். அடிமட்டத்தை வெட்டுக்குச் சமாந்தரமாக 3 அங்குலம் தள்ளி வைத்தால் சரி.

3 அங்குலப் பட்டி, 3 அங்குலச் சரிவு, மூலைச் சதுரம் 4 அங்குலம். இந்த மூன்றுக்கும் 12 அங்குலக் கட்டம் நூலளவு வித்தியாசத்தில் வந்துவிடும். வேறு அளவுக்கு மகளின் கல்குலேட்டர் தேவைப்படும்.

பெப்ரவரி 13

மூலைச் சதுரத்தை இரண்டு சாய்சதுரத்துக்கு நடுவில் இறக்கும்போது தையலைக் கரைவரை கொண்டுபோகாதீர்கள். கால் அங்குலத்துக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு குத்து முன்னும் பின்னும் போட்டு நூலை வெட்டுங்கள். கட்டம் தைத்துப் பழகிய கை கரைவரை ஓடத்தான் பார்க்கும்.

என் முதல் லெமோயின் நடுவில் தொப்பி மாதிரி எழும்பி நின்றது. மூலைமட்டம் தேய்ந்த பழசு. ஒவ்வொரு துண்டும் ஒரு பாகை குறைந்திருந்தால் எட்டுக்கும் சேர்த்து 352, முழு வட்டத்துக்கு 360 வேண்டும். துணி என்ன செய்யும், மேலே எழும்பும். கூடியிருந்தால் கரை அலையடிக்கும். முனைகள் ஒரு புள்ளியில் சேராவிட்டால் நடுவில் ஓட்டை. நடுவில் பொத்தான் வைத்து மறைத்துவிடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது கள்ள வேலை. பிரித்துத் தையுங்கள்.

பெப்ரவரி 25

பெயர்க்குழப்பம் பற்றிக் கேட்டவருக்கு. ஒரே கட்டத்துக்கு நாலைந்து பெயர் இருக்கும், ஒரே பெயரில் இரண்டு கட்டம் இருக்கும். அமெரிக்கப் பத்திரிகைகள் வாசகர் அனுப்பியதை எல்லாம் பெயர் போட்டு அச்சடித்தன. கன்சாஸ் சிட்டி ஸ்டார் என்ற பத்திரிகை 1928இலிருந்து 1961 வரை கட்ட மாதிரிகள் வெளியிட்டது. பத்திரிகைக்கே ஸ்டார் என்று பெயர். பெயரை விடுங்கள், எத்தனைக்கு எத்தனை பெட்டி என்று பாருங்கள். மூன்றுக்கு மூன்றா, நாலுக்கு நாலா, பெட்டியே இல்லையா.

மார்ச் 3

மறுபடி திருத்தம். பாதித் திருத்தம்.

லோன் ஸ்டார் என்று ஒற்றைப் பெரிய நட்சத்திரம். போர்வை முழுக்க ஒன்றுதான். அமெரிக்கப் பழங்குடிகளான லக்கோட்டா மக்கள் அதை விடிவெள்ளி என்று வைத்திருக்கிறார்கள், செத்தவீட்டிலும் மரியாதை செய்யும் இடத்திலும் அந்தப் போர்வையைக் கொடுக்கிறார்கள். அதன் படத்தை ஒரு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பெரிய சாய்சதுரம். ஒவ்வொன்றும் சின்னச் சாய்சதுரங்களால் ஆனது. சின்ன அளவில் செய்ய ஒரு பக்கத்துக்கு மூன்று வைத்தால், மூன்றுக்கு மூன்று.

ஒன்பது கட்டம். 45 பாகை சரிந்து உட்கார்ந்திருக்கிறது.

தைக்கிற விதமும் அதேதான். மூன்று நிறப் பட்டிகளைப் படிக்கட்டு மாதிரித் தள்ளித் தள்ளிச் சேர்த்து, சரிவாக வரிசைகளாக வெட்டி, மூன்று வரிசையைச் சேர்த்தால் ஒரு பெரிய சாய்சதுரம். நிற ஒழுங்கு மாறி மூன்று பட்டித்தொகுதி, ஒவ்வொன்றிலும் எட்டு வெட்டு. 24 வரிசை, 72 சின்னச் சாய்சதுரம். நீங்கள் பட்டியாகத் தைத்து வெட்டி ஒன்பது கட்டம் செய்திருந்தால் உங்கள் கைக்கு இது தெரியும். ஆகவே அக்காவிடம் கேட்ட மன்னிப்பில் பாதியைத் திருப்பி எடுக்கிறேன்.

மார்ச் 17

மூன்று நாளாக மின்சாரம் வந்து வந்து போகிறது. கால் மெசினுக்குக் கவலையில்லை, அயன்பெட்டிக்குத்தான். சிரட்டைக்கரிப் பெட்டியை இறக்கினேன். சாம்பல் பறந்து வெள்ளைத் துண்டில் ஒரு பொட்டு. அது இனி மேகம்.

ஆறு பெரிய சாய்சதுரம் முடிந்தது. மண்ணிறமும் மஞ்சளும் அம்மாவின் சேலை. நடுச்சிவப்பு கோயில் திருவிழாவுக்குத் தைத்த பாவாடையின் மிச்சம்.

மார்ச் 24

எட்டும் சேர்ந்தது. பாதி பாதியாக நாலு நாலு சேர்த்து, கடைசித் தையலை நடுவில் குண்டூசி குத்தி நிறுத்திப் போட்டேன். தையல்களை எல்லாம் ஒரே சுற்றில் சரித்து அயன் பண்ணினேன், பின்பக்கம் சின்னக் காற்றாடி மாதிரி விரிந்து படிந்தது. தொப்பி எழும்பவில்லை. கரை நேர்.

நடுவில் ஒரு நெல்மணி நுழைகிற அளவு ஓட்டை.

இரண்டு தடவை பிரித்தேன். மூன்றாம் தடவை துணி பிசிறத் தொடங்கிவிட்டது. பெட்டிக்குள் அம்மாவின் பழைய சட்டைப் பொத்தான் ஒன்று, சிவப்பு, கிடந்தது. வைத்துத் தைத்துவிட்டேன். பெப்ரவரி 13இல் எழுதியதை யாரும் எடுத்துக்காட்ட வேண்டாம், நானே பார்த்துவிட்டேன்.